காசியாத்தியின் மூக்கு

பெரிங்ஹார்ஜோ சந்தையில் என் கடைக்கு நேர் எதிர்க்கடை காசியாத்தியுடையது. நடுவில் உள்ள சந்தில் இரண்டு பேர் உரசாமல் போக முடியாது. அவள் கடையில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியும். என் கடையில் ஒன்றுமே நடக்காவிட்டால் அதுவும் அவளுக்குத் தெரியும். இருவரும் விற்பது ஒரே சரக்கு: வீட்டில் போட்டுக்கொள்ளும் தொளதொள பாத்திக் கவுன், ஆண்களுக்குச் சட்டை, ஊர் திரும்புகிறவர்கள் கடைசி நேரத்தில் அள்ளிக்கொண்டு போகும் மேசை விரிப்பு. என்னைவிடக் கொஞ்சம் இளையவள். அக்கா முறை வைத்து என்னை ‘எம்பாக்’ என்று கூப்பிடுவாள். அந்த மரியாதையையும் என் வாடிக்கையாளரைத் தன் பக்கம் இழுக்கும்போது மறந்துவிடுவாள்.

உலகத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் தன்னை ஏமாற்றவே பிறந்தவர்கள் என்பது அவள் கட்சி. எங்கள் சந்தையில் காலையில் போணியானதும் அந்த முதல் நோட்டால் கடையில் உள்ள துணி மேலெல்லாம் தட்டி, “லாரிஸ், லாரிஸ்” என்று சொல்லுவோம், நாள் முழுக்க விற்க வேண்டும் என்று. காசியாத்தியும் தட்டுவாள். ஆனால் முதலில் நோட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டுவாள். குடெக் விற்கும் பெண் இலையைப் பிரித்துச் சோறு வைத்தால், மேலே உள்ள பலாக்காய்க் கறியைக் கிளறி அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பாள். மசூதியில் பாங்கு சொன்னால் தன் கைக்கடிகாரத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வாள்.

ஒருநாள் ஜகார்த்தாவிலிருந்து ஒரு சீமாட்டி வந்து, “ஐயோ, என்ன அழகான கலர்!” என்று கன்னத்தில் கை வைத்தாள். காசியாத்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள்.

“புகழ்றா பாரு. பாதி விலைக்குக் கேக்கப் போறா.”

சீமாட்டி மூன்றில் ஒரு பங்குக்குக் கேட்டாள். இதுதான் காசியாத்தியிடம் உள்ள கஷ்டம். பத்துக்கு ஏழு தடவை அவள் சந்தேகம் பலித்துவிடும். மீதி மூன்றை அவளும் மறந்துவிடுவாள், நாங்களும் மறந்துவிடுவோம்.

அவளுக்குக் கண்ணைவிட மூக்கு பெரிய கருவி. கையால் மெழுகு வரைந்து சாயம் ஏற்றிய அசல் பாத்திக் துணி என்று எவனாவது கொண்டுவந்து நீட்டினால் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டாள். மடிப்போடு மோந்து பார்த்து, “இது மெழுகையே பாத்ததில்ல. மெஷின்ல அடிச்சது. எடுத்துக்கிட்டு ஓடு” என்பாள். அவள் விற்பதும் மெஷினில் அடித்ததுதான். அது வேறு விஷயம்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் பொனிரான். ரிக்‌ஷாக்காரர். ஓட்டல் வாசலில் ஏறுகிறவர்களை முன் இருக்கையில் உட்கார வைத்து, தான் பின்னாலிருந்து மிதித்து, அரண்மனைக்கும் நீர்மாளிகைக்கும் சந்தைக்கும் கூட்டிக்கொண்டு போவார். மற்ற ரிக்‌ஷாக்காரர்கள் கமிஷன் தரும் கடையில் ஆளை இறக்கிவிடுவார்கள். இவர் எந்தக் கடை கேட்டாலும் அந்தக் கடையிலேயே இறக்கிவிடுவார். என் கடையில்கூட இறக்கிவிட்டிருக்கிறார், எதிரில் பெண்டாட்டி முறைத்துக்கொண்டிருக்கும்போதே. பேச்சு கம்மி, சிரிப்பு அதிகம். நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். காசியாத்தியின் முதல் சந்தேகமே அதுதான்.

“இவ்வளவு நல்லவரா இருக்க என்ன அவசியம், எம்பாக்? சும்மாவா இருப்பாரு?”

நானும் சிரித்துவிட்டு விட்டுவிடுவேன். ஆனால் மழைக்காலம் முடிந்த பிறகு அவள் கொண்டுவந்த புகார்களைக் கேட்டபோது எனக்கே கொஞ்சம் இடித்தது. ரிக்‌ஷாவைத் துணி போட்டு மூடி வீட்டு வாசலில் நிறுத்திவிட்டார். கேட்டால் முட்டி வலி என்கிறார். முட்டி வலிக்காரர் சாயங்காலமானால் குளித்து, தலைக்கு எண்ணெய் தடவி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நடந்தே எங்கேயோ போகிறார். எங்கே என்றால் ‘சும்மா’ என்கிறார். திரும்பி வரும்போது செருப்பில் மணல்.

“பக்கத்துல நின்னு பேசினாத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்கறாரு. நான் இருக்கறதே கண்ணுல படலை. நேத்து டீயைக் கொண்டுபோய் வெச்சா, கையால தட்டி விட்டாரு. மனசு இங்க இருந்தாத்தானே!”

“வயசாச்சுடி. தட்டுப்படும்.”

“வயசானவருக்கு எதுக்கு எண்ணெய்?”

முப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவள். சிரித்த முகத்தோடு ஓர் ஆள் தன்னைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது. அதைச் சொல்லும்போது கவுன்களை மடித்து மடித்து அடுக்கினாள், அடுக்கியதையே கலைத்து மறுபடி அடுக்கினாள். சண்டைக்காரி பயந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுவாரம் சந்தை திறந்ததும் திறக்காததுமாக என் கடைக்குள் நுழைந்து, ஒரு கறுப்புத் துணியை என் மூக்கில் வைத்தாள்.

“மோந்து பாரு.”

“சீ, என்னடி இது?”

“அவர் சட்டைப் பையில இருந்துச்சு. மோந்து பாரு, எம்பாக்.”

அகலமில்லாத, நீளமான கறுப்புத் துண்டு. ஓரம் தைத்திருந்தது. மோந்து பார்த்தேன். பவுடர் வாசனை.

“பொம்பளை பவுடர்தான்,” என்றேன்.

“ஒரு பொம்பளையா? நல்லா இழு மூச்சை. அரிசி மாவுப் பவுடர் ஒண்ணு. ரோஜாப்பூ பவுடர் ஒண்ணு. மல்லிகை எண்ணெய் ஒண்ணு. அப்புறம் சிகரெட்டு. அவர் பிடிக்கற கிராம்பு சிகரெட்டு இல்ல, வெளிநாட்டுச் சிகரெட்டு.”

“அடிப்பாவி! அப்போ ஆம்பிளையும் இருக்கானா இதுல?”

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிக்கவில்லை. துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். கண் கலங்கியிருந்தது. அவளைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று, வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“ரொம்பச் சந்தேகமா இருந்தா ரெட்டை ஆலமரத்துக்குக் கூட்டிட்டுப் போ. கண்ணைக் கட்டி நடக்க விடு. தெரிஞ்சுடும்.”

அரண்மனைக்குத் தெற்கே உள்ள மைதானத்தின் நடுவில் இரண்டு ஆலமரங்கள், ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றித் தனிச் சுவரோடு நிற்கின்றன. கண்ணைக் கட்டிக்கொண்டு மைதானத்தின் ஓரத்திலிருந்து நடந்து இரண்டுக்கும் நடுவே புகுந்து போகிறவன் நெஞ்சு சுத்தமானவன், நினைத்தது நடக்கும் என்பார்கள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுத்து ஆளை ஓரமாய்த் தள்ளிவிடுமாம். வெளியூர்க்காரர்களுக்கு அது விளையாட்டு. எங்களுக்கும் விளையாட்டுதான், ஆனால் முழுக்க விளையாட்டு என்று யாரும் சத்தமாகச் சொல்ல மாட்டோம். நான் கல்யாணமான புதிதில் நடந்து, சோளம் சுடுகிறவளின் அடுப்பில் போய் முட்டிக்கொண்டேன். அதற்குக் காரணம் என் நெஞ்சு இல்லை, என் செருப்பு. வார் அறுந்திருந்தது.

நான் விளையாட்டாகச் சொன்னதை அவள் பிடித்துக்கொண்டாள். சமயமும் வாய்த்தது. பள்ளிக்கூட விடுமுறைக்கு லாம்புங்கிலிருந்து அவள் தங்கை முர்த்தினி, புருஷன் பிள்ளைகளோடு ஊர் பார்க்க வந்தாள். பகலெல்லாம் அரண்மனை, நீர்மாளிகை, மாலியோபோரோ கடைவீதி. மத்தியானம் எங்கள் சந்துக்கு வந்து துணி வாங்கினார்கள். சொந்தத் தங்கையிடமே காசியாத்தி முதலில் இரண்டு மடங்கு விலை சொன்னதை நான் இந்தக் காதால் கேட்டேன். முர்த்தினியும் சளைத்தவள் இல்லை. “நம்ம அம்மா வயித்துலதான் பொறந்தியா நீ?” என்று கேட்டுப் பாதியாகக் குறைத்தாள்.

“சாயங்காலம் தெற்கு மைதானத்துக்குப் போறோம். நீயும் வா, எம்பாக்,” என்றாள் காசியாத்தி. பிறகு குரலைத் தாழ்த்தி, “சாட்சிக்கு ஆள் வேணும்” என்றாள்.

வெயில் இறங்கியதும் போனோம். மைதானத்தைச் சுற்றி, குடும்பத்தோடு ஏறி மிதிக்கிற வாடகை மிதிவண்டிகள் கலர் விளக்கும் பாட்டுமாக ஊர்ந்தன. சுட்ட சோளத்தின் புகை. பொனிரான் எங்களுக்குப் பின்னால் மெதுவாக வந்தார். கிளம்பும்போதே ஆயிரம் சாக்குச் சொன்னாராம். மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்று காசியாத்தி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கண்கட்டுத் துணி வாடகைக்கு விடுகிற வாகிரா எதிரே வந்தாள். உதட்டுச் சாயம், பூப்போட்ட தலைத்துணி, முழங்கையில் வரிசையாகத் தொங்கும் கறுப்புத் துணிகள். அதைப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. காசியாத்தி அவள் கையிலிருந்து ஒரு துணியை உருவி மோந்து பார்த்தாள். கைப்பையைத் திறந்து தன்னிடமிருந்ததை எடுத்தாள். அதே துணி, அதே தையல்.

வாகிராவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவள் எங்களைத் தாண்டிப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, ஐயா என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘பாக்’ போட்டுக் கூப்பிட்டாள்.

“அட, பாக் பொனிரான்! இன்னிக்கு குடும்பத்தோடயா? என் துணி ஒண்ணை அன்னிக்கு எடுத்துக்கிட்டே போயிட்டீங்களே!”

பொனிரான் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. காசியாத்தி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

“பாத்தியா,” என்றாள் என்னிடம்.

தங்கை குடும்பத்துக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் விளையாட வந்தவர்கள். முர்த்தினியின் புருஷன் கண்ணைக் கட்டிக்கொண்டு கம்பீரமாகப் புறப்பட்டுப் பாதி வழியில் இடப்பக்கம் சாய்ந்து, ஒரு மிதிவண்டியில் ஏறி உட்காரவே போய்விட்டார். முர்த்தினி வட்டம் போட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தாள். பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

“நீங்க நடங்க, மாஸ்,” என்றாள் காசியாத்தி பொனிரானிடம். புருஷனையும் அண்ணன் முறை உள்ளவரையும் நாங்கள் ‘மாஸ்’ என்போம்.

“எனக்கு வேணாம்.”

“ஏன்? பயமா?”

“இல்ல காசி. வேற நாள்…”

“நடங்க.”

அவர் செருப்பைக் கழற்றினார். அவள் கையிலிருந்த துணியை வாங்கி, யார் உதவியும் இல்லாமல், பின்னந்தலையில் ஒரே இழுப்பில் முடிச்சுப் போட்டார். தினமும் முடிகிறவன் போடும் முடிச்சு. காசியாத்தியும் அதைக் கவனித்தாள். ஒரு கணம் அசையாமல் நின்று, பாதத்தால் மண்ணை இப்படியும் அப்படியும் தடவினார். பிறகு நடந்தார்.

நூல் பிடித்தாற்போல நடந்தார். அவசரம் இல்லை, தடுமாற்றம் இல்லை. சுற்றியிருந்தவர்கள் “இடது, இடது!” என்று வேண்டுமென்றே தப்பாகக் கத்தினார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு மரங்களுக்கும் சரி நடுவே புகுந்து அந்தப் பக்கம் போய் நின்றார். கூட்டம் கை தட்டியது.

“மாஸ் மனசு சுத்தத் தங்கம்!” என்று முர்த்தினி கத்தினாள்.

எனக்கு உயிர் வந்தது. நல்லவேளை, பிரச்சினை தீர்ந்தது என்று காசியாத்தியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் இன்னும் இறுகியிருந்தது.

“இன்னொரு தடவை நடக்கச் சொல்லு.”

அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தார். அதே நேர்கோடு.

“பாத்தியா எம்பாக்? உலகமே கோணலா நடக்குது. இவரு மட்டும் நேரா நடக்கறாரு. இது பழகின நடை. குத்தம் இல்லாதவன் எதுக்குப் பழகணும்? என்னிக்காவது நான் இங்க இழுத்துட்டு வருவேன்னு தெரிஞ்சு ஒத்திகை பாத்திருக்காரு!”

தேறாதவன் குற்றவாளி என்பார்கள். தேறியவனும் குற்றவாளி என்று தீர்ப்புச் சொல்ல காசியாத்தியால்தான் முடியும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அவள் வாகிராவிடம் பாய்ந்தாள்.

“இவரு எத்தனை நாளா இங்க வராரு?”

“தினமும் வராரே. வந்து துணி வாங்குவாரு, அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடப்பாரு, போயிடுவாரு. ‘என்ன பாக், வேண்டுதலா?’ன்னு கேட்டேன். சிரிச்சாரு.”

“சிரிச்சாரா! உன்னைப் பாத்துச் சிரிச்சாரா?”

“யாரைப் பாத்தாலும் சிரிக்கற மனுஷன்தானே அவரு? என் மேல ஏம்மா பாயறே? மூணு பிள்ளையை வெச்சுக்கிட்டு, துணியை வாடகைக்கு விட்டுப் பிழைக்கறேன்.”

பொனிரான் கண்கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். ஆலமரத்தைப் பார்த்தபடி, செருப்பு எங்கே என்று காலால் துழாவிக்கொண்டிருந்தார். காசியாத்தி அவர் பக்கவாட்டில் போய் நின்றாள். முப்பது வருஷத்தில் வாயால் அடித்திருக்கிறாளே தவிர, கையால் அடித்ததில்லை. அன்று கை ஓங்கிவிட்டாள். சபையில், தங்கை குடும்பத்தின் முன்னால், உள்ளங்கை விரிய, அவர் கன்னத்தை நோக்கி வீசினாள்.

நான் எதிரில் நின்றிருந்தேன். எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவர் விலகவில்லை. தோள் குறுகவில்லை. கண் இமைக்கவில்லை. அடி விழப்போவதே தெரியாமல் ஆலமரத்தைப் பார்த்துக்கொண்டு, “காசி? எங்க இருக்கே?” என்றார்.

கை கன்னத்துக்கு அருகில் நின்றுவிட்டது.

அவள் கையைக் கீழே போடவில்லை. அப்படியே காதோரத்திலிருந்து மெள்ள மெள்ள முன்னால் நகர்த்தினாள். கன்னத்தைத் தாண்டினாள், கடைக்கண்ணைத் தாண்டினாள். அவர் மூக்குக்கு நேரே வந்தபோதுதான் அவர் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தார்.

“என்ன காசி?”

அவள் உடனே மறுபக்கம் போய் நின்று அதேபோல் செய்தாள். அந்தப் பக்கமும் அப்படியே. நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற அதே முகத்தோடு செய்தாள்.

“எப்போலேர்ந்து?” என்றாள்.

“ஒரு வருஷமா. ஓரம் ரெண்டும் போச்சு. நடுவுல மட்டும் ஒரு ஓட்டை வழியா பாக்கற மாதிரி தெரியுது. அதுவும் போயிடும்னு டாக்டர் சொல்றாரு. போனது திரும்பாதாம். மருந்து விட்டா மெதுவாப் போகுமாம்.”

“ரிக்‌ஷா?”

“ஒரு பள்ளிக்கூடத்துப் பொண்ணு பக்கத்துலேர்ந்து வந்தது தெரியல. மயிரிழையில தப்பிச்சா. அன்னிக்கே மூடிட்டேன்.” செருப்பு காலில் தட்டுப்பட்டது. மாட்டிக்கொண்டே சொன்னார்: “பார்வை இருக்கும்போதே பழகிக்கலாம்னு பாத்தேன். வேற எங்க போய்ப் பழகறது? நம்ம தெருவுல கண்ணை மூடிக்கிட்டு நடந்தா நாலு பேர் ஏன்னு கேப்பாங்க. இங்க விழுந்தாக்கூட யாரும் கேக்க மாட்டாங்க. ஊர் பாக்க வந்தவன்னு நெனச்சுச் சிரிச்சுட்டுப் போயிடுவாங்க.”

வாகிரா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். இத்தனை நாள் இதற்கா துணி கொடுத்தோம் என்றாள். முர்த்தினி பிள்ளைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். காசியாத்தி மட்டும் அழவில்லை. கோபமாகவே கேட்டாள்.

“எல்லாரும் ஏமாத்தறாங்க, நீங்களுமா? ஏன் என்கிட்ட சொல்லல?”

பொனிரான் அவள் குரல் வந்த பக்கம் தலையை முழுசாகத் திருப்பி, அவள் முகத்தைத் தேடிப் பிடித்தார்.

“சொன்னா நம்பியிருப்பியா, காசி?”

குத்திக்காட்டச் சொன்னதில்லை. நிஜமாகவே கேட்டார். அதனால்தான் அது அப்படித் தைத்தது. சந்தையில் எவனுக்கும் ஒரு சொல் கடன் வைக்காத காசியாத்தி அன்று ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டாள். “மாட்டேன்” என்றாள். கீழே கிடந்த கறுப்புத் துணியை எடுத்து உதறி, வாகிராவிடம் கொடுத்துவிட்டு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

அந்த டாக்டரை அவள் நம்பவில்லை. இன்னொரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவரும் அதையே சொன்னார். இருவரும் பேசி வைத்துக்கொண்டிருப்பார்கள் என்று மூன்றாவது டாக்டரிடம் போனாள். பிறகு டாக்டர்களை விட்டுவிட்டாள். வேளை தவறாமல் மருந்து மட்டும் விட்டாள், அதுவும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு.

இப்போது பொனிரான் அவள் கடையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். துணியைத் தடவிப் பார்த்து அளவு சொல்லுகிறார், வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிறார், அவர்களுக்கு அரண்மனைக்கு வழி சொல்லுகிறார். அவர் வந்த பிறகு அந்தக் கடையில் வியாபாரம் கூடியிருக்கிறது. எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். சாயங்காலம் கடை மூடியதும் இருவரும் தெற்கு மைதானத்துக்குப் போகிறார்கள். அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கிறார். அவள் மிதிவண்டிக்காரர்களைத் திட்டிக்கொண்டு பின்னால் போகிறாளாம். வாகிரா சொன்னாள்.

தினமும் காலையில் கடை திறந்ததும் காசியாத்தி ஒரு காரியம் செய்கிறாள். அவர் முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது சத்தமில்லாமல் பக்கவாட்டில் போய் நின்று, காதருகே கையை வீசுகிறாள். அவர் இமைப்பதில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிடுகிறாள். நான் பல நாள் பார்த்துவிட்டு, ஒருநாள் பொறுக்க முடியாமல் எதிர்க்கடைக்கே போய்க் கேட்டேன்.

“என்னடி பண்றே தினமும்?”

“நடிக்கறாரோன்னு பாக்கறேன்.”

“காசி…”

“இருக்கலாம் இல்ல, எம்பாக்? ரிக்‌ஷா மிதிக்கச் சோம்பேறித்தனம். சும்மா உக்காந்து டீ குடிக்கணும்னு ஆசை. ஆம்பிளைங்களை நம்ப முடியுமா?” கவுனை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். “ஒரே ஒரு நாள் பிடிபட்டாப் போதும். இந்தச் சந்தை முழுக்க விருந்து வெச்சு மஞ்சச் சோறு போடுவேன்.”

எழுந்து மறுபடி அவர் பக்கத்தில் போய் நின்று கையை வீசினாள். இந்த முறை காற்று கன்னத்தில் பட்டிருக்க வேண்டும். அவர் திரும்பாமலே கேட்டார்.

“காசி? என்ன அது?”

“ஒண்ணும் இல்ல, ஈ,” என்றாள்.